திங்கட்கிழமை வந்த வெள்ளிக்கிழமை

திருப்பதிக் கடைக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல். கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டேன். ஜன்னலில் ஏழு கம்பிகள் இருந்தன. கை நுழையும் இடைவெளி இருப்பதாகப் பட்டதால் எட்டாவதாக ஒன்றைப் பற்றவைக்கச் சொன்னேன். கம்ப்யூட்டருக்கு ஒரு துணி உறை, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. எறும்பு ஏறாமல் இருக்க மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தலாமா என்றுகூட யோசித்தேன். கரண்டும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம் என்று கூட்டாளி தடுத்துவிட்டார்.

இவ்வளவும் செய்தவனுக்கு ஒன்று தெரியவில்லை. எங்களுக்கு வரவேண்டிய ஆபத்து ஒரு காகித உறைக்குள் சப்பையாகக் கிடந்தபடி, வாடிக்கையாளரோடு வணக்கம் சொல்லிக்கொண்டு வாசல் வழியாகவே வரும் என்பது.

நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் சித்தூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தேன். பெங்களூருக்கும் குவைத்துக்கும் அமெரிக்காவுக்கும் மனுப்போடுகிறவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் எழுத்தில்தான் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். சித்தூரில் அதற்கு ஆள் போதாது, திருப்பதியில் பல்கலைக்கழகம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, அங்கே ஒரு அறை பிடித்தேன். தனியாகக் கம்ப்யூட்டர் வாங்க முடியாது. கூட்டாளியாக வந்தவர் திருமலைக் கோவிலில் தலைமுறையாகக் கைங்கர்யம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. என் வயதுதான். கோவில் வேலை அவருடைய அண்ணனுக்குப் போய்விட்டது; கையில் ஜோதிடம் இருந்தது. பகலில் நான் டைப் அடிப்பேன், இடையிடையே அவர் அதே கம்ப்யூட்டரில் ஜாதகம் கணித்துத் தருவார். ஜாதகம் கணிக்கும் புரோகிராமை அவர் விலைகொடுத்து வாங்கவில்லை. பெங்களூரில் யாரோ ஒருவரிடமிருந்து பிளாப்பியில், அதாவது காகித உறையில் வரும் மெல்லிய காந்தத் தட்டில், நகல் எடுத்து வந்திருந்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான். ஊறுகாய் கேட்டு வாங்குவதுபோல புரோகிராம் கேட்டு வாங்கினோம்.

அந்தப் புரோகிராமில் ஒரு விசேஷம். கோசாரம் பார்க்க, அதாவது அன்றைக்குக் கிரகங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று பார்க்க, அது கம்ப்யூட்டருக்குள் ஓடும் தேதியைத்தான் எடுத்துக்கொள்ளும். கல்யாணத் தேதிக்கோ பயணத் தேதிக்கோ பார்க்க வேண்டுமென்றால் கூட்டாளி கம்ப்யூட்டரின் தேதியையே மாற்றுவார். பார்த்து முடித்ததும் பழைய தேதியைத் திரும்பப் போட வேண்டும். பாதி நாள் மறந்துபோவார். அடுத்த ஆனியில் அடித்ததாக என் கடிதங்கள் பதிவாகியிருக்கும். இதற்காகவே எங்களுக்குள் சண்டை.

"சுவாமி, நீங்க நாளை மாத்துங்க, நட்சத்திரத்த மாத்துங்க, என் ஃபைலுங்கள மாத்தாதீங்க" என்பேன்.

"என்ன ஓய், காலத்தையே கையில வச்சுண்டிருக்கோம், சந்தோஷப்படும்" என்று சிரிப்பார்.

ஒருநாள் ஆங்கிலப் பத்திரிகையின் உள்பக்கத்தில் ஒரு பத்திச் செய்தி பார்த்தேன். கம்ப்யூட்டர்களுக்கு வைரஸ் என்று ஒன்று பரவுகிறது, பிளாப்பிக்குப் பிளாப்பி தொற்றுகிறது, எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் உள்ளே உறங்குகிறது. வருடத்தில் ஒரு குறிப்பிட்ட தேதியன்று கம்ப்யூட்டரைப் போட்டால் விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிடும். அந்தத் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை.

எங்கள் கம்ப்யூட்டருக்குள் அது இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க என்னிடம் எதுவும் இல்லை. மெட்ராசில் கம்ப்யூட்டர் விற்றவரிடம் போனில் கேட்டேன். "அதெல்லாம் ஃபாரின்ல சார்" என்றார். நானே மூன்று விதி வகுத்துக்கொண்டேன். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பிளாப்பி எதுவும் இனி உள்ளே போகக் கூடாது. வாரா வாரம் சனிக்கிழமை, முக்கியமான வேலைகளைத் தனியாகப் பிரதி எடுத்து, கடையில் வைக்காமல் சித்தூர் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். அந்த வெள்ளிக்கிழமையன்று கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது. மூன்றாவது விதியைச் சுவரில் எழுதி ஒட்டினேன். கூட்டாளி அதைப் படித்துவிட்டு, பெருமாள் மேல் ஆணையாக அன்றைக்கு சுவிட்சைத் தொடுவதில்லை என்றார். அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

சித்தூருக்குக் கொண்டுபோகும் பிளாப்பிகளில் எழுதுவதைத் தடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. பிளாப்பியின் ஓரத்தில் சிறிய சதுர வெட்டு இருக்கும். அதை ஒட்டுத்தாளால் மூடிவிட்டால் கம்ப்யூட்டர் அதைப் படிக்கலாம், அதில் எதையும் எழுத முடியாது. வைரஸும் எழுத முடியாது. பெட்டியோடு வந்த ஒட்டுத்தாள்கள் தீர்ந்ததும் என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டுகளில் கைவைத்தேன். அவளிடம் பெரிய மெரூன் பொட்டு இருந்தது. வெட்டின் இரண்டு பக்கத்தையும் மடித்து மூடும் அளவு.

"ஊர்ல கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறவங்க பொண்டாட்டிங்கல்லாம் வெறும் நெத்தியோடயா சுத்திக்கினு கீறாங்க?" என்றாள். "அதுக்கு வெச்சி வெச்சி அட்டையில மூணுதான் கீது."

அந்த மாதத்தில் எங்களிடம் இருந்த பெரிய வேலை ஓர் ஆய்வேடு. கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமத்துப் பெண். அவள் அம்மா கடலைக்காட்டில் களையெடுத்தே அவளைப் படிக்கவைத்தவர். கொஞ்ச வருடங்களாகத்தான் சொந்தமாக ஒரு துண்டு நிலம். அந்தப் பெண் நிலக்கடலைச் செடியின் வேர் அழுகலைப் பற்றி ஐந்து வருடம் ஆராய்ந்திருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், நாற்பத்தோரு அட்டவணை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவளுக்கு வேலை கொடுப்பதாக எழுதியிருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள் என்ற சான்று போனால்தான் விசாவுக்குக் காகிதம் அனுப்புவார்கள். இங்கே அவளது பதிவுக்காலம் முடியும் கடைசி நாளும் அதே வெள்ளிக்கிழமை. தாண்டினால் முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும். அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

கையெழுத்துப் பிரதி என்று ஒன்று இருந்தது. ஆனால் வழிகாட்டிப் பேராசிரியர் மூன்று தடவை திருத்தி, அட்டவணைகளைக் கம்ப்யூட்டரிலேயே மாற்றி, அது அடையாளம் தெரியாமல் போயிருந்தது. உண்மையான ஆய்வேடு எங்கள் கம்ப்யூட்டருக்குள்ளும் அதிலிருந்து எடுத்த பிளாப்பிகளிலும் மட்டும்தான் இருந்தது. செவ்வாயும் புதனும் அச்சடிப்பது, வியாழன் பைண்டிங், வெள்ளி காலை சமர்ப்பிப்பது என்று திட்டம். அந்த வெள்ளிக்கு முன் எல்லாம் முடிந்துவிடும் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

திங்கட்கிழமைகளில் நான் சித்தூரில் இருப்பேன், டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு வகுப்பு. அன்றைக்குப் பிற்பகல் எதிரே இருந்த மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிட்டார். திருப்பதியிலிருந்து போன்.

"மாஸ்டர்" என்றார் கூட்டாளி. பின்னால் லாரி சத்தம். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுகிறார். "கரண்ட் போச்சு, வந்தது. வந்தப்பறம் மெஷின் எழுந்துக்கமாட்டேங்கறது."

"திரையில இன்னா வருது?"

"ஒண்ணுமே வரலை. கறுப்பா இருக்கு. சிஸ்டம் டிஸ்க் இல்லைங்கற மாதிரி ஒரு வரி இங்கிலீஷ்ல."

"சுவாமி, கவனமாக் கேளுங்க. மெஷின ஆஃப் பண்ணுங்க. பிளாப்பி எதையும் உள்ள போடாதீங்க."

ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"சுவாமி?"

"போட்டுட்டேன் ஓய். பிளாப்பியிலேர்ந்தாவது எழுந்துக்குமான்னு பார்த்தேன். ஒண்ணு எழுந்துக்கலைன்னா இன்னொண்ணு."

"எத்தினி?"

"கடையில இருந்த எட்டையும்."

"அதுங்கள இப்ப படிக்க முடியுதா?"

"இல்லை" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு கடையில உக்காந்திண்டிருக்கா ஓய். காலையில வந்து ஏதோ அடிச்சிண்டிருந்தா. அவ அம்மாவும் வந்திருக்கா. நான் என்ன சொல்றது?"

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமை. வெள்ளிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கும்போது அது எப்படி விழித்தது? பத்திரிகையில் தேதியைத் தப்பாகப் போட்டார்களா? இல்லை, இது வேறொரு வைரஸா, நான் படிக்காத ஒன்றா? அப்படியென்றால் என் மூன்று விதிகளுக்கும் அர்த்தம் இல்லை.

வீட்டு பீரோவில் சனிக்கிழமை எடுத்துவந்த மூன்று பிளாப்பிகள் இருந்தன. பொட்டு வைத்த மூன்று. உலகத்திலேயே அந்த ஆய்வேடு இப்போது இருப்பது அங்கே மட்டும்தான். அவற்றை உடனே எடுத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் எதில் போட்டுப் பார்ப்பது? எட்டைத் தின்ற கம்ப்யூட்டரிலா? அந்த எட்டு போன விதம் தெரியாமல் இந்த மூன்றையும் அதன் வாயில் வைப்பதா?

கம்ப்யூட்டர் வந்தபோது அதோடு வந்த அசல் பிளாப்பிகளைப் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அதே பீரோவில் வைத்திருந்தேன். கடையில் பயன்படுத்தியதெல்லாம் அவற்றின் நகல்கள். அசல்களில் அந்தச் சதுர வெட்டே கிடையாது. தொழிற்சாலையிலேயே மூடிப் பிறந்தவை. அவற்றை எந்த வைரஸும் தொட்டிருக்க வழியில்லை. அவற்றைக் கொண்டு கம்ப்யூட்டரை முதலிலிருந்து எழுப்பலாம். மெட்ராஸ்காரருக்குப் போன் போட்டேன். இன்ஜினியர் வியாழக்கிழமை வருவார் என்றார். வியாழக்கிழமை வருகிற இன்ஜினியரால் அந்தப் பெண்ணுக்கு எந்த உபயோகமும் இல்லை.

மறுநாள் முதல் பஸ். பிளாப்பிகளை எதில் வைப்பது என்று ஒரு யோசனை. முறுக்கு வைக்கிற எவர்சில்வர் டப்பாவைக் காலி செய்து, அடியில் துணி போட்டு, மூன்றையும் அசல்களையும் அடுக்கினேன். எவர்சில்வர் காந்தத்தைத் தடுக்குமா தடுக்காதா என்று எனக்குத் தெரியாது. தடுக்காது என்றும் தெரியாது.

"ஒரு வாய் துன்னுட்டுப் போங்க" என்றாள் மனைவி.

"முறுக்க எங்க கொட்டினே?"

"அத கேக்கிற நேரமா இது?"

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தலைக்கு மேலே பார்த்தேன். ஸ்பீக்கர். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. பிளாப்பிக்குக் காந்தம் விஷம். எழுந்து பின்னால் போனேன். அங்கேயும் ஒன்று. மொத்தம் நான்கு ஸ்பீக்கர். நடுவில், கதவுப்பக்கம், நான்கிலிருந்தும் தூரமான இடமாகப் பார்த்து டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

நான் நிற்பதைப் பார்த்துக் கண்டக்டர் வந்தார். "ஏமி சார், சீட்டு காலியே, நில்ச்சுக்குன்னாரு?"

"பரவால்ல. அந்தப் பாட்ட கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

ஜன்னலோரம் இருந்த ஒருவர் திரும்பினார். "பாட்டு உன்ன இன்னா பண்ணிச்சி சாரு? காதுல பஞ்சு வெச்சிக்க."

"டப்பாவுல இன்னா, பாம்பா? இந்த அணை அணைச்சிக்கினு கீறாரே" என்றார் இன்னொருவர்.

"சாப்பாடு" என்றேன்.

"சாப்பாட்டுக்குப் பாட்டு ஆவாதா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. பாகாலா வரையில் சிரிப்பு அடங்கவில்லை. நான் பாட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றேன். பாட்டு நின்றால் காந்தமும் நின்றுவிடாது என்பது சந்திரகிரி தாண்டும்போதுதான் உறைத்தது.

கடையில் மூன்று பேரும் இருந்தார்கள். கூட்டாளி நாமம்கூடச் சரியாகப் போட்டுக்கொள்ளாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அம்மா தரையில், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்து வந்தேன். முகம் வறண்டு கல்லாக இருந்தது.

"சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இருக்குதா, இல்லியா?"

"சனிக்கிழமை வரைக்கும் இருக்குது."

"எங்க?"

டப்பாவைக் காட்டினேன். கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"மொதல்ல மெஷினு. அப்புறந்தான் இது."

"எவ்ளோ நேரம் ஆவும் சார்? இன்னிக்கி பிரிண்டு ஆரம்பிக்கலன்னா நாளைக்கு முடியாது. நாளைக்கு முடியலன்னா பைண்டிங் இல்ல."

"தெரியும்மா."

"தெரிஞ்சிக்கினுமா டப்பாவ கையில வெச்சிக்கினு நிக்கிறீங்க?"

"தோ பாரு" என்று அம்மா அதட்டினார், "பெரியவர்கிட்ட இப்பிடியா பேசுவ?" அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அசல் பிளாப்பியின் உறையைப் பிரித்தேன். கம்ப்யூட்டரின் வாயில் செருகி, நெம்புகோலைத் திருப்பி, சுவிட்சைப் போட்டேன். நால்வரும் திரையைப் பார்த்தோம். கரகரவென்று சத்தம், பச்சை எழுத்துகள். எழுந்துவிட்டது. அசல் பிளாப்பியிலிருந்து எழும்போது அது முதலில் தன்னிடமுள்ள தேதியைக் காட்டி, இது சரிதானா, புதுத் தேதி போடுகிறாயா என்று கேட்கும். தினமும் கடையில் அந்தக் கேள்வி வராதபடி நான் எப்போதோ செய்துவைத்திருந்தேன். அதனால் அந்த வரியைப் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன.

வரியைப் படித்தேன். இரண்டாம் தடவை படித்தேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கம்ப்யூட்டர் சனிக்கிழமை என்றது.

சனி என்றால் அதற்கு நேற்று வெள்ளி. அந்த வெள்ளி.

"சுவாமி" என்றேன், திரும்பாமலேயே. "நேத்து கரண்ட் போறதுக்கு முன்னால இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"கோசாரம் பார்த்துண்டிருந்தேன்."

"எந்த நாளுக்கு?"

அவருக்கு அப்போதும் புரியவில்லை. "இந்தம்மாதான் கேட்டா. பொண்ணு வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் குடுக்கப் போறாளே, எந்த நேரத்துல குடுத்தா நல்லதுன்னு. நானும் தேதியைப் போட்டு..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் சுவரில் நான் ஒட்டிய தாளுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. அவர் தொடவில்லை. திங்கட்கிழமைதான் தொட்டார். கம்ப்யூட்டருக்குத்தான் அது வெள்ளிக்கிழமை. தேதியைத் திரும்ப மாற்றுவதற்குள் கரண்ட் போய், வந்து, அது வெள்ளிக்கிழமையில் கண்விழித்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு பிளாப்பியாகச் செருகி எழுப்பிய எட்டு தடவையும் அதே வெள்ளிக்கிழமை.

"பெருமாளே" என்றார் கூட்டாளி.

அம்மா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "நான் கேட்டது தப்பா சாமி? நல்ல நேரந்தான கேட்டேன்."

பெண் அம்மாவைப் பார்த்த பார்வையை நான் பார்க்க விரும்பவில்லை. விசைப்பலகையில் சரியான தேதியை அடித்தேன். செவ்வாய். மாதத்தைத் தப்பாக அடித்து, திரும்பவும் அடித்தேன். என் பயம் ஒரு பங்கு குறைந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வைரஸ் நான் படித்ததுதான். தேதிக்குக் கட்டுப்பட்டதுதான். என் விதிகள் விதிகள்தான்.

அதற்குப் பிறகு, ஹார்டு டிஸ்க்கில் மிச்சமிருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு, வெறும் தட்டாக்கி, அசல்களிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். முற்பகல் முழுவதும் போயிற்று. ஒரு தடவை கரண்ட் போனது. பாதியிலிருந்து மறுபடி தொடங்கினேன். கம்ப்யூட்டர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடித்தேன். அந்தப் பெண் என் பின்னாலேயே நின்றாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

கடைசியில் டப்பாவைத் திறந்தேன். முதல் பிளாப்பி, பொட்டு சரியாக இருந்தது. இரண்டாவது, சரி. மூன்றாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். வெட்டு திறந்திருந்தது. பஸ்ஸில் அணைத்துக்கொண்டு வந்த சூட்டில் பசை இளகிப் பொட்டு எங்கேயோ கழன்றுவிட்டது. டப்பாவைக் கவிழ்த்தேன், துணியை உதறினேன். மூன்று முறுக்குத் துணுக்குகள் விழுந்தன. பொட்டைக் காணோம்.

அந்த மூன்றாவதில்தான் கடைசி இரண்டு அத்தியாயங்கள், பதினேழு அட்டவணைகள்.

"போடுங்க சார்" என்றாள்.

"மூடாம போடமாட்டேன்."

"மெஷின்தான் சுத்தம் பண்ணிட்டீங்களே!"

"பண்ணிட்டேன்னு நான் நினைக்கிறேன். எனக்கே தெரியாத எதனா மிச்சமிருந்தா? இன்னொண்ணு இல்லம்மா. இதுதான் கடைசி."

அவள் ஒரு நொடி என்னை முறைத்தாள். பிறகு தன் நெற்றியிலிருந்த பொட்டைப் பிய்த்து மேசைமேல் ஒட்டினாள். கல்லூரிப் பெண்கள் வைக்கிற பொட்டு. கடுகளவு. அது வெட்டின் ஒரு மூலையைக்கூட மூடாது. இரண்டு பேரும் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எதிர்ல ஃபேன்சி ஸ்டோர் கீது" என்றார் அம்மா. எழுந்ததையும் பார்க்கவில்லை, செருப்புப் போட்டதையும் பார்க்கவில்லை. ஜன்னலின் எட்டுக் கம்பிகளுக்கு நடுவில் அவர் சாலையைக் கடப்பது தெரிந்தது. ஓர் ஆட்டோ அவருக்காக நின்று திட்டியது. திரும்பி வரும்போது கையில் அட்டை அட்டையாகப் பொட்டு, எல்லாமே ரூபாய்க் காசு அளவு.

"இருக்கிறதிலியே பெருசா குடுன்னு கேட்டேன். அம்மனுக்கான்னு கேக்கறான்" என்றார் மூச்சு வாங்க. "ஆமான்னேன்."

ஒன்றை மடித்து ஒட்டினேன். அது கழன்றுவிட்டால் என்று அதன்மேல் இன்னொன்று. முதல் பிளாப்பி படித்தது. இரண்டாவது படித்தது. மூன்றாவதைச் செருகினேன். விளக்கு எரிந்தது, சத்தம் வந்தது. ஒவ்வொரு ஃபைலின் பெயராகத் திரையில் இறங்கியது. ஒன்பதாவதில் நின்றது. படிக்க முடியவில்லை, நிறுத்தவா, மறுபடி முயலவா என்று கேட்டது.

மறுபடி என்று அடித்தேன். கர், கர் என்றது. முடியவில்லை.

நாலு ஸ்பீக்கர் என்று மனசுக்குள் ஓடியது. நடுவில்தானே நின்றேன். போதிய தூரம் இல்லையோ.

மறுபடி. முடியவில்லை. கூட்டாளி முணுமுணுவென்று ஏதோ பாசுரம் சொல்லத் தொடங்கினார். "சத்தமா சொல்லாதீங்க சுவாமி" என்றேன், சத்தத்தால் பிளாப்பி கெட்டுவிடும் என்பதுபோல. பிளாப்பியை வெளியே எடுத்து, நடு வளையத்தை விரலால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பச் செருகினேன்.

மறுபடி.

பத்தாவது ஃபைலின் பெயர் இறங்கியது. பிறகு பதினொன்று. எல்லாம் வந்து முடிந்து திரை அமைதியானபோது, அந்தப் பெண் முதல் தடவையாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அழுதாள். அம்மா பக்கத்தில் போகவில்லை. பயந்துகொண்டு தூரத்திலேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பெண்தான் கையை நீட்டினாள்.

திங்கட்கிழமை காலை அவள் அடித்தது மட்டும் போயிருந்தது. அது நன்றியுரைப் பக்கம். முந்தையதில் நிறைய எழுதியிருந்தாளாம். இப்போது நேரமில்லை, பெயர்களை மட்டும் போடுங்கள் என்று சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பதினொரு பேர். முதல் பெயர் அம்மாவுடையது. என் பெயர் இல்லை. கேட்கவில்லை. மூன்று தடவை எண்ணினேன், அவ்வளவுதான்.

செவ்வாய் பிற்பகலும் புதன் முழுவதும் பிரிண்டர் கத்திக்கொண்டே இருந்தது. புதனன்று இரண்டு தடவை கரண்ட் போனது. ஒவ்வொரு தடவை வந்ததும் தேதியைப் பார்த்த பிறகே மற்றதைத் தொட்டேன். வியாழன் பைண்டிங். சாயங்காலம் கடையைப் பூட்டுமுன் நான் ஒரு காரியம் செய்தேன். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயரை இரண்டு முனையிலும் கழற்றிச் சுருட்டி, பையில் போட்டுக்கொண்டு சித்தூருக்குப் பஸ் ஏறினேன். கூட்டாளியின் வாக்கை நம்பாமல் இல்லை. திங்கட்கிழமையும் அவர் வாக்கைக் காப்பாற்றித்தான் இருந்தார்.

வெள்ளியன்று கையை வீசிக்கொண்டு கடைக்குப் போய், வயரில்லாத கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ராகுகாலம் பத்தரைக்கு. பத்தே காலாயிற்று, யாரும் வரவில்லை. பத்தரையாயிற்று. ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்களோ, பக்கம் மாறிப் பைண்ட் ஆகிவிட்டதோ, ஒன்பதாவது ஃபைலில் எண்கள் ஏதாவது மாறியிருந்து நான் கவனிக்கவில்லையோ என்று ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்று அடிக்கும் முன் அம்மாவும் பெண்ணும் படியேறி வந்தார்கள். பெண் முத்திரை போட்ட ரசீதை என் முன்னால் வைத்தாள். ஒன்பது ஐம்பதுக்கே கொடுத்துவிட்டாளாம். ரசீது எழுதுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தாராம். தேதியைப் பார்த்தேன். வெள்ளி. இந்தத் தடவை நிஜமான வெள்ளி.

அம்மா ஒரு பை பச்சைக் கடலையைக் கூட்டாளி காலருகில் வைத்தார். "சாமி, விசா வந்துட்டா ஏரோப்ளேன் ஏறணும். வைகாசியில எந்த நாளு நல்லாருக்குதுன்னு பாரு சாமி."

கூட்டாளியின் கை பழக்கத்தில் சுவிட்சுப் பக்கம் போய், அந்தரத்தில் நின்றது. பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"வயர் எங்க ஓய்?"

"சித்தூர்ல கீது."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய பஞ்சாங்கத்தை எடுத்துத் தூசி தட்டி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் கணுக்களில் கட்டைவிரலை ஓட்டிக் கணக்குப் போட ஆரம்பித்தார். ரொம்ப நேரம் ஆனது. "வைகாசியில இரண்டாவது புதன். பேஷா இருக்கு" என்றார்.

அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்தார். உறை போட்டு மூடியிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். முகம் தெளியவில்லை.

"சரி சாமி" என்றார். "ஆனா மெஷினு சொல்லலியே, அது சரியா இருக்குமா?"

சித்தூருக்குப் போய் வயரோடு திரும்பி வர நான்கு மணி நேரம் பிடிக்கும். வந்தாலும் அன்றைக்கு வெள்ளிக்கிழமைதான். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து ஒரு கடலையை எடுத்து உடைத்தேன்.